ஜேபிக்கு ஒரு எட்டு: இந்தியப் பாஸ்போர்ட்டோடு கடற்பாலம் தாண்டுகிறவர்களுக்கு

சிங்கப்பூரில் வேலைக்குச் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே ஆபீஸில் யாராவது ஒருவர் ஜேபி, அதாவது ஜோகூர் பாரு பேச்சை எடுத்துவிடுவார். "சனிக்கிழமை சும்மாதானே இருப்பீங்க, பாஸ்போர்ட்டை எடுத்துட்டு ஒரு எட்டு போயிட்டு வாங்க, பாலத்தைத் தாண்டினா மலேசியா" என்பார். அவர் சொல்வதில் பொய் ஒன்றும் இல்லை. உட்லண்ட்ஸுக்கும் ஜோகூர் பாருவுக்கும் நடுவே இருப்பது ஒரு கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான கடற்பாலம், 1924இல் திறந்தது. அந்தப் பக்கம் போனால் ஒரு வெள்ளிக்கு, அதாவது ஒரு சிங்கப்பூர் டாலருக்கு, மூன்று ரிங்கிட்டுக்கு மேல் கிடைக்கும், முடி வெட்டுவது, பல் பார்ப்பது, கண்ணாடி மாற்றுவது, ரவிக்கை தைக்கக் கொடுப்பது எல்லாமே கை கடிக்காமல் முடியும். ஆனால் இதைச் சொல்கிறவர் பெரும்பாலும் சிங்கப்பூர்க் குடிமகனாகவோ மலேசியராகவோ இருப்பார். அவர் சொல்லும் யோசனை அவருடைய பாஸ்போர்ட்டுக்குச் சரி. இந்தியப் பாஸ்போர்ட்டும், ஈபி, எஸ் பாஸ் என்ற வேலை பாஸ்களோ குடும்பத்தினருக்கான டிபியோ ஏதோ ஒரு அட்டையும் வைத்திருக்கிற நமக்குப் பல இடங்களில் விதி வேறு, அதை அவர் சொல்ல மாட்டார், ஏனென்றால் அவருக்கு அது தெரிந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

முதலில் விசா. 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் விசா இல்லாமல் மலேசியாவுக்குப் போய் 30 நாள் வரை இருக்கலாம், இந்தச் சலுகையை 2026 டிசம்பர் 31 வரை நீட்டித்திருக்கிறார்கள். அதற்கு முன்னால் இங்கே இருந்த நம் ஆட்களைக் கேட்டுப் பாருங்கள், விசாவுக்கு விண்ணப்பித்து, காசு கட்டி, காத்திருந்து போன கதையைச் சொல்வார்கள், ஒரு மதியச் சாப்பாட்டுக்காக அந்தப் பாடு யாரும் படமாட்டார்கள். இப்போது அந்தத் தலைவலி இல்லை. ஆனால் பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் தங்களுக்கான விதியைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள், நான் சொல்வது இந்தியப் பாஸ்போர்ட் கணக்கு.

அடுத்தது எம்டாக் என்று எல்லாரும் சொல்கிற மலேசிய மின்வருகை அட்டை. 2024 ஜனவரி 1 முதல் இது கட்டாயம். சிங்கப்பூர்க் குடிமக்களுக்கு விலக்கு உண்டு, அதனால்தான் ஆபீஸ்காரர் இதைப் பற்றி வாயே திறப்பதில்லை. நிரந்தரவாசிகளுக்கு அந்த விலக்கு கிடையாது. பிஆர் வாங்கியாயிற்று, இனி நாமும் குடிமக்கள் மாதிரிதான் என்று நினைத்துக்கொண்டு வெறுங்கையோடு வரிசையில் நின்று, பின்னால் இருப்பவர்களுக்கு வழிவிட்டு ஓரமாக ஒதுங்கிப் போனில் பெயரைத் தட்டிக்கொண்டிருக்கிறவர்களை வார இறுதியில் எப்போதும் பார்க்கலாம். மலேசியாவுக்குள் நுழைவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் நிரப்ப வேண்டும், ஒவ்வொரு முறையும் புதிதாக, ஆளுக்கு ஒன்று, கைக்குழந்தைக்கும் சேர்த்து. பெயர் பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே போடுங்கள், நம் ஊர் இனிஷியல் விவகாரத்தை அங்கே கொண்டுபோக வேண்டாம். தங்கும் இடம் கேட்கும்; பகலில் போய் ராத்திரி திரும்புவதானால் நாங்கள் போகிற இடத்தின் முகவரியைக் கொடுப்போம். இதற்குக் காசு கிடையாது. தேடினால் முதலில் வந்து நிற்கிற சில தளங்கள் கட்டணம் கேட்கும், அவையெல்லாம் இடைத்தரகர்கள், மலேசியக் குடிநுழைவுத் துறையின் தளம் ஜிஓவி டாட் எம்ஒய் என்று முடியும், அதில் மட்டும் நிரப்புங்கள்.

திரும்பி வரும்போது சிங்கப்பூர் வருகை அட்டை வேண்டுமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். உட்லண்ட்ஸ், துவாஸ் வழியாகத் தரைமார்க்கமாகத் திரும்பும் குடிமக்கள், நிரந்தரவாசிகள், நீண்டகால பாஸ் வைத்திருப்பவர்கள் யாருக்கும் வேண்டாம். விமானத்தில் வந்தால் வேறு கதை. ஆனால் பாஸ் இன்னும் கைக்கு வராமல், கொள்கையளவு ஒப்புதல் கடிதம் மட்டும் வைத்திருக்கிறவர்கள் ஜேபி ஆசையைக் கொஞ்சம் தள்ளி வைப்பதே நல்லது. அந்தக் கடிதம் ஒருமுறை உள்ளே வருவதற்கானது. அதைக் காட்டி உள்ளே வந்தாயிற்று, இன்னும் பாஸ் வழங்கவில்லை, இந்த நிலையில் எல்லைக்கு அந்தப் பக்கம் போய் நின்றுகொண்டு எப்படித் திரும்புவது என்று யோசிக்க வேண்டியதில்லை.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கும்போது கூட்டிப்போக நினைக்கிறவர்கள்தான் ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும். நமக்கு இருக்கிற வசதி எதுவும் அவர்களுக்கு இல்லை. அவர்களுடைய சிங்கப்பூர் விசா பலமுறை நுழைய அனுமதிக்கிறதா என்று அந்தத் தாளை எடுத்துப் படித்துப் பாருங்கள், ஒருமுறை மட்டும் என்றிருந்தால் பேச்சே இல்லை, வேறு இடம் போகலாம். போகிறபோது எம்டாக், திரும்பும்போது சிங்கப்பூர் வருகை அட்டை, இரண்டுமே அவர்களுக்கு வேண்டும். திரும்பி வந்ததும் எந்தத் தேதி வரை தங்கலாம் என்று மின்னஞ்சலில் புதிதாக ஒன்று வரும், பழைய தேதியை மனதில் வைத்துக்கொண்டு இருந்துவிடாதீர்கள், புதியதுதான் கணக்கு. சுற்றுலாத் தவணையை நீட்டிக்க ஜேபி போய்வரலாம் என்று சிலர் யோசனை சொல்வார்கள். எவ்வளவு நாள் தருவது என்பது முகப்பில் இருக்கும் அதிகாரியின் முடிவு, அதை நம்பி ஊருக்குத் திரும்பும் டிக்கெட்டை மாற்றாதீர்கள்.

வயதானவர்களுக்கு இன்னொரு சின்ன விஷயம், கைரேகை. மலேசியப் பக்கம் இரண்டு ஆள்காட்டி விரலையும் கருவியில் வைக்கச் சொல்வார்கள். என் அப்பா வாழ்நாள் முழுக்க மண்வெட்டி பிடித்த கை, ரேகை தேய்ந்து வழுவழுவென்று இருக்கும். கருவி திரும்பத் திரும்பச் சிவப்பு விளக்கு காட்ட, பின்னால் வரிசை நெளிய ஆரம்பித்தது. முகப்பில் இருந்த பெண் தமிழர், பெயரைப் பார்த்துவிட்டு, "ஐயா, பதறாதீங்க, விரலை நெத்தியில தேய்ச்சிட்டு மெதுவா வைங்க" என்றார். நெற்றி எண்ணெய்ப்பசை ஒட்டியதும் பச்சை விளக்கு எரிந்தது. அப்பாவுக்கு அதில் அவ்வளவு பெருமை, ஊருக்குப் போய் எல்லாரிடமும் மலேசியா என்றால் இந்தக் கதையைத்தான் சொல்கிறார், கோயிலையும் கடைத்தெருவையும் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அதற்குப் பிறகு பெரியவர்களோடு போனால் கைக்குத் தடவும் கிரீம் ஒன்று பையில் வைத்திருப்பேன்.

எப்போது போவது என்பதற்கு வாரநாளும் வார இறுதியும் எதிரெதிர். வாரநாளில் ஜோகூரில் குடியிருந்து சிங்கப்பூரில் வேலை பார்க்கிறவர்கள் விடியற்காலையில் இங்கே வருவார்கள், சாயங்காலம் அங்கே திரும்புவார்கள். ஆக, லீவு போட்டுக்கொண்டு காலையில் ஜேபி போனால் கூட்டத்துக்கு எதிர்த்திசையில் போகிறீர்கள், சாயங்காலம் திரும்பும்போதும் அப்படித்தான். சனி ஞாயிறில் எல்லாம் தலைகீழ். சனிக்கிழமை காலை சிங்கப்பூரே அந்தப் பக்கம் சாயும், ஞாயிறு மாலை மொத்தமாகத் திரும்பும். முன்பு ஜோகூரில் வார விடுமுறை வெள்ளி சனியாக இருந்தது, 2025 ஜனவரி முதல் சனி ஞாயிறாக மாற்றிவிட்டார்கள், ஆகவே ஞாயிறு அங்கே வேலைநாள், கடைத்தெரு காலியாக இருக்கும் என்ற பழைய யோசனையை யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஒரு நாளைக்குச் சராசரியாக மூன்று லட்சம் பேருக்கு மேல் உட்லண்ட்ஸ், துவாஸ் சாவடிகளைத் தாண்டுகிறார்கள். பள்ளி விடுமுறை தொடங்கும் வெள்ளிக்கிழமை, சீனப் புத்தாண்டுக்கு முந்தைய நாள்கள், தீபாவளிக்கு முந்தைய வாரக்கடைசி, இந்த மூன்றிலும் நான் வீட்டைவிட்டு நகர்வதில்லை. தீபாவளித் துணியை ஒரு மாதம் முன்னாலேயே எடுத்துவிட்டால் போயிற்று.

பஸ்தான் பெரும்பாலோருக்கு வழி. உட்லண்ட்ஸிலிருந்து 950, கிராஞ்சி எம்ஆர்டியிலிருந்து 170, 170எக்ஸ், அப்புறம் மஞ்சள் நிறத்தில் ஓடும் காஸ்வே லிங்க் சிடபிள்யூ1. முதல்முறை போகிறவர்களுக்குக் குழப்பம் எங்கே வருமென்றால், உட்லண்ட்ஸ் சாவடியில் எல்லாரும் இறங்க வேண்டும், நீங்கள் குடிநுழைவு முடித்து வருவதற்காக அந்த பஸ் நிற்காது. கீழே இறங்கி, அதே எண்ணுள்ள அடுத்த பஸ்ஸில் ஏறிப் பாலத்தைத் தாண்ட வேண்டும். ஆகவே குடை, தண்ணீர் பாட்டில், குழந்தையின் பொம்மை உட்பட எதையும் சீட்டில் விட்டு இறங்காதீர்கள். காகிதச் சீட்டு கொடுக்கும் பஸ்ஸென்றால் சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், அதைக் காட்டித்தான் அடுத்ததில் ஏற முடியும். பாலத்துக்கு அந்தப் பக்கம் சுல்தான் இஸ்கந்தர் கட்டடம், அங்கே மறுபடியும் இறங்கி, படியேறி, மலேசிய முத்திரை. சிங்கப்பூர்ப் பக்கம் நாம் தானியங்கி வாயிலில் சட்டென்று வந்துவிடுவோம், நேரம் போவதெல்லாம் மலேசியப் பக்கம்தான்.

இந்த இரட்டை இறங்கலே வேண்டாம் என்றால் மலேசிய ரயில் நிறுவனமான கேடிஎம் ஓட்டும் தெப்ராவ் ரயில். உட்லண்ட்ஸ் ரயில் சாவடியிலேயே இரண்டு நாட்டுக் குடிநுழைவும் முடித்துவிட்டு ஏறினால் ஐந்து நிமிடத்தில் ஜேபி சென்ட்ரல். போக 5 வெள்ளி, வர 5 ரிங்கிட். வார இறுதிக்கு டிக்கெட் கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு, அதனால் நாள் முடிவானதுமே எடுத்துவிடுங்கள். உட்லண்ட்ஸ் நார்த்திலிருந்து ஜேபியின் புக்கிட் சாகாருக்கு ஆர்டிஎஸ் என்ற புது எல்லைதாண்டும் ரயிலுக்கு 2026 இறுதி என்று திட்டம் வைத்திருக்கிறார்கள், மணிக்கு ஒரு திசையில் 10,000 பேர் வரை ஏற்றிக்கொள்ளும், புறப்படும் இடத்திலேயே இரண்டு சாவடியும். அது ஓட ஆரம்பித்ததும் தெப்ராவை ஆறு மாதத்துக்குள் நிறுத்திவிடுவதாக அறிவித்திருக்கிறார்கள். கார் விஷயத்தில் எனக்குப் பெரிய அனுபவம் இல்லை, நண்பர் காரில் தொற்றிக்கொண்டு போவதோடு சரி. சிங்கப்பூர் காருக்கு மலேசியாவின் விஇபி என்ற வாகன நுழைவு அனுமதி அட்டை ஒட்டியிருக்க வேண்டும், தொட்டியில் முக்கால் பங்கு பெட்ரோல் இல்லாமல் இங்கிருந்து வெளியேற முடியாது, அங்கே ரான்95 ரகப் பெட்ரோல் போடக்கூடாது, இது போதும். காரில் போகிறவர்கள் சிங்கப்பூர்க் குடிநுழைவுத் துறையின் மைஐசிஏ செயலியில் எல்லாருடைய பாஸ்போர்ட்டையும் சேர்த்து ஒரே க்யூஆர் குறியீடாக்கிக்கொண்டால் சிங்கப்பூர்ச் சாவடியில் பாஸ்போர்ட்டுகளைப் பொறுக்கி நீட்டும் வேலை மிச்சம். பின்சீட்டுக் குழந்தை தூக்கத்தைக் கெடுக்காமல் தாண்டலாம் என்பதே எனக்குப் பெரிய லாபம்.

பாலத்தில் ஏறும் முன்பே போனில் ரோமிங்கை அணைத்துவிடுங்கள், அல்லது அதற்கான திட்டம் எடுத்துக்கொள்ளுங்கள். உட்லண்ட்ஸ் பக்கம் நின்றாலே சில நேரம் போன் மலேசியக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

இனி பொருள் வாங்குவது. இங்கேதான் ஆபீஸ்காரர் யோசனை நம்மைக் கவிழ்க்கும். 48 மணி நேரத்துக்குள் திரும்பினால் 100 வெள்ளி மதிப்புள்ள பொருளுக்கும், அதற்கு மேல் தங்கினால் 500 வெள்ளிக்கும் ஜிஎஸ்டி விலக்கு என்று சொல்வார். உண்மைதான், ஆனால் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் சுற்றுலா வருகிறவர்களுக்கும். வேலை அனுமதி, ஈபி, மாணவர் பாஸ், டிபி, நீண்டகால பாஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்த விலக்கே கிடையாது. முதல் வெள்ளியிலிருந்து 9 சதவீதம். இந்த ஊரில் குடியேறி வரி கட்டிக்கொண்டிருக்கிற நமக்கு இல்லாத சலுகை, இரண்டு நாள் சுற்றிப் பார்க்க வருகிறவருக்கு இருக்கிறது, கேட்டால் எரிச்சல்தான் வரும், ஆனாலும் விதி அதுதான். ரசீதை வைத்துக்கொண்டு சுங்கத்துறையின் இணையச் சேவையில் முன்கூட்டியே கணக்குக் காட்டிக் கட்டிவிடலாம், வரி பெரிதாக ஒன்றும் வராது. மதுபானத்துக்கு மலேசியாவிலிருந்து வந்தால் வரிவிலக்கு யாருக்கும் இல்லை. சிகரெட் ஒரு பாக்கெட்டாக இருந்தாலும் அறிவிக்க வேண்டும். மின்சிகரெட் பக்கமே போகாதீர்கள், அங்கே கடையில் தொங்கினாலும் இங்கே அது கடுமையான குற்றம்.

சமையலறைக்காரர்கள் கவனிக்க வேண்டியது கசகசா. மளிகைக் கடையில் கண்ணில் பட்டதும் குருமாவுக்கு ஆகும் என்று கை போகும், எனக்கும் போகும். சிங்கப்பூரில் அது போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவின் தடைப்பட்டியலில் இருக்கும் பொருள், ஊரிலிருந்து வரும் பெட்டியிலும் கூடாது, ஜேபியிலிருந்து வரும் பையிலும் கூடாது. குருமாவுக்கு முந்திரி அரைத்துக்கொள்ளலாம். முட்டை ஆளுக்கு 30 வரை கொண்டுவரலாம், பஸ்ஸில் இரண்டு முறை இறங்கி ஏறி, நெரிசலில் நின்று, அதை முழுசாக வீடு சேர்ப்பது உங்கள் சாமர்த்தியம்.

அடிக்கடி போகப்போகிறீர்கள் என்றால் பாஸ்போர்ட் பக்கங்களைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். சிங்கப்பூர் 2022இலிருந்து முத்திரை குத்துவதை விட்டுவிட்டது. மலேசிய முகப்பில் போக ஒன்று, வர ஒன்று விழும், அதுவும் சில அதிகாரிகள் புதுப்பக்கத்தின் நட்டநடுவில்தான் குத்துவார்கள். முத்திரை விழுந்ததா என்று முகப்பைவிட்டு நகரும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள், விழாமல் போனால் திரும்பும்போது விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்பது நாம்தான். அடுத்த முறை புதுப்பிக்கும்போது 36 பக்கத்துக்குப் பதில் 60 பக்கப் புத்தகமாகக் கேட்டு வாங்குங்கள். புதுப் பாஸ்போர்ட் வந்ததும் அதன் எண்ணை மனிதவள அமைச்சில் உங்கள் பாஸோடு சேர்த்து மாற்றி, மைஐசிஏ செயலியில் இருக்கும் பழைய விவரத்தையும் அழித்துவிட்டு, அப்புறம் ஜேபிக்குக் கிளம்புங்கள்.