முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள்

கால்நடை மருத்துவரைச் சோர்வடைய வைப்பது கடிக்கிற நாயும் பிறாண்டுகிற பூனையும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அவற்றைச் சமாளிக்கத்தான் படித்துவிட்டு வந்திருக்கிறோம். ஆளை அடித்துப்போடுவது, மேஜைக்கு அந்தப் பக்கம் நிற்பவர் சொல்லாமல் விடும் ஒற்றை வரி.

மேஜை மேல் ஒரு பூனை. ஈறு பழுப்பேறிக் கிடக்கிறது, முகம் வீங்கியிருக்கிறது, மூச்சு இரைக்கிறது. “மருந்து ஏதாவது கொடுத்தீங்களா?” “ஒண்ணுமே கொடுக்கலையே டாக்டர்.” ரத்தம் எடுத்து, ஆக்சிஜன் வைத்து, இருபது நிமிடம் போன பிறகு மெதுவாக வருகிறது: “உடம்பு சுட்ட மாதிரி இருந்தது, பாராசிட்டமால் பாதி மாத்திரை...” பூனையின் கல்லீரலால் அந்த மருந்தைச் சரியாக முறிக்க முடியாது. 500 மில்லிகிராம் மாத்திரையில் பாதியே நாலு கிலோ பூனையின் உயிருக்கு ஆபத்து. மாற்று மருந்து உண்டு; எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறதோ அவ்வளவு நல்லது. அந்த இருபது நிமிடத்தை நினைத்துத்தான் மருத்துவர் ராத்திரி தூங்காமல் கிடப்பார். கொடுத்த மாத்திரையின் அட்டையைக் கையோடு கொண்டு வாருங்கள். திட்டு விழாது, விழுந்தாலும் பூனை பிழைக்கும்.

அறுவை சிகிச்சைக்கு முன் பட்டினி போடுவதிலும் இதே கதைதான். “பாவமா இருந்தது, ரெண்டு பிஸ்கட்தான்” என்பதை மயக்க ஊசிக்கு முன்பே சொன்னால் நேரத்தைத் தள்ளிவைப்பதோடு முடிந்தது. மறைத்தால், மயக்கத்தில் எடுக்கும் வாந்தி நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவாகலாம். எத்தனை மணி நேரப் பட்டினி என்பதை வயதையும் இனத்தையும் பார்த்து மருத்துவர் சொல்வார். முயலைப் பட்டினி போடவே கூடாது: அதற்கு வாந்தி எடுக்க வராது, தீனி நின்றால் குடல் இயக்கமும் நின்றுவிடும்.

வீட்டில் நொண்டும் நாய் கிளினிக்குக்குள் நுழைந்ததும் நேராக நடக்கும். பயத்தில் வலி மறந்துவிடுகிறது. இருமலும் வலிப்பும் இப்படியே, மருத்துவர் முன்னால் வராது. அரை நிமிட வீடியோ போதும். கடைசியாக எப்போது சாப்பிட்டது, எத்தனை முறை வாந்தி, சிறுநீர் போனதா என்று ஒரு துண்டுச்சீட்டில் எழுதி, விவரம் தெரிந்தவரே கூட வரட்டும்.

கடிக்கும் பழக்கம் இருந்தால் வாசலிலேயே சொல்லுங்கள். “எங்க செல்லம் ஒண்ணும் பண்ணாது” என்பது இந்தத் தொழிலில் அதிகம் பயப்பட வேண்டிய வாக்கியம். பூனைப் பல் ஊசி போல ஆழமாக இறங்கும். மேலே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே கிருமி தங்கி மறுநாளே கை வீங்கும். வீங்கிய விரலோடு தையல் போட முடியாது, அன்றைய அறுவை சிகிச்சைகள் அத்தனையும் தள்ளிப்போகும். பூனை மிரண்டு கடிக்காமல் இருக்க, கூட்டி வரும் கூடையை ஒரு வாரம் முன்பே திறந்து, அது படுக்கும் துண்டை உள்ளே போட்டுப் பழக்கி வையுங்கள். மேல்மூடி கழலும் கூடையானால் இன்னும் நல்லது, பூனையை வெளியே இழுக்காமல் அதிலேயே வைத்துப் பார்த்துவிடலாம்.

ராத்திரி இரண்டு மணிக்கு மருத்துவருக்கு உண்ணி படம் அனுப்ப வேண்டாம். ஆண்பூனை முக்கி முக்கிச் சிறுநீர் வராமல் தவித்தாலோ, பெரிய நாய் வயிறு உப்பி வெறும் ஓங்கரிப்பாக எடுத்தாலோ, வலிப்பு ஐந்து நிமிடம் தாண்டினாலோ, மூச்சுத் திணறினாலோ தயங்காமல் கூப்பிடுங்கள். அவர் ஓய்வில் இருந்தால் அவசரச் சிகிச்சை உள்ள இடத்துக்கு ஓடுங்கள்.

செலவுக்கு எவ்வளவு முடியும் என்பதையும் முதலிலேயே சொல்லலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை. அதற்குள் எந்தப் பரிசோதனை முக்கியம் என்று தேர்ந்து சொல்வதும் மருத்துவம்தான். “பிராணி மேல பாசம் இருந்தா காசு கேட்பீங்களா?” என்ற கேள்வி மட்டும் வேண்டாம். 1979 முதல் 2015 வரையான மரணப் பதிவுகளை வைத்து அமெரிக்காவில் 2019இல் வெளியான ஆய்வில், பொதுமக்களோடு ஒப்பிட்டால் கால்நடை மருத்துவர்களிடையே தற்கொலை மரணத்தின் பங்கு ஆண்களில் 2.1 மடங்கு, பெண்களில் 3.5 மடங்கு. காரணம் ஒன்றல்ல. ஆனால் அந்தக் கேள்வி பல வருடம் காதில் கிடக்கும்.

இனி தேறாது என்ற பிராணியை ஊசி போட்டு வலியில்லாமல் வழியனுப்ப முடிவெடுத்துவிட்டால், நாளின் கடைசி நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். கையெழுத்தும் பணமும் முன்னதாகவே முடியட்டும். உங்களுக்கும் அது நல்லது, மருத்துவருக்கும் நல்லது. இல்லையென்றால் அவர் அந்த அறையிலிருந்து வந்து கை கழுவி, முதல் தடுப்பூசிக்கு வந்த குட்டியையும் அதன் வீட்டாரையும் அடுத்த ஐந்து நிமிடத்தில் சிரித்த முகத்தோடு பார்த்தாக வேண்டும். வெளியே காத்திருப்பவர் நீங்களானால், ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்காமல் இருங்கள்.