அக்காவை அறிந்தவர்கள்

பேசவும் நடக்கவும் கைகளால் ஒரு பொருளைப் பற்றிக்கொள்ளவும் இயலாத பெண்ணைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்க்க முனையும் குடும்பத்தார், கட்டடம் தூய்மையாக இருக்கிறதா, மருத்துவர் எப்போதெல்லாம் வருகிறார், ஓர் அறையில் எத்தனை கட்டில்கள் என்றெல்லாம் விசாரிப்பார்கள். கேட்க வேண்டிய கேள்விகள்தாம் அவை. ஆனால் என் அக்கா இல்லத்தில் வாழ்ந்துவரும் இத்தனை ஆண்டுகளில் அவளுடைய நலத்தை வேறெதையும்விடத் தீர்மானித்தது, அவளை அறிந்த பராமரிப்பாளர்கள் அங்கே எவ்வளவு காலம் நிலைத்திருந்தார்கள் என்பதுதான்.

அக்காவுக்கு ரெட் நோய்த்தொகுப்பு. ஏறக்குறைய பெண் குழந்தைகளுக்கு மட்டுமே வரும் இக்கோளாறில், முதல் சில மாதங்கள் இயல்பாக வளர்வதாகத் தோன்றும் குழந்தை, பெரும்பாலும் 6 முதல் 18 மாதங்களுக்குள் தொடங்கும் ஒரு சரிவில், பேசக் கற்றிருந்த ஓரிரு சொற்களையும் கைகளின் பயன்பாட்டையும் இழந்துவிடுகிறது. கைகள் ஒன்றையொன்று பிசைந்தபடியே இருக்கும். ஆஸ்திரிய மருத்துவர் ஆந்த்ரெயாஸ் ரெட் 1966-ல் இதை விவரித்து எழுதியும், 1983-ல் ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை வெளிவந்த பிறகே பிற நாட்டு மருத்துவர்கள் பரவலாக இதைக் கவனித்தார்கள். காரணமான எம்இசிபி2 மரபணு கண்டறியப்பட்டது 1999-ல். அதற்கெல்லாம் முன்பே பிறந்துவிட்ட அக்காவின் பழைய கோப்பில் ‘மூளை வளர்ச்சி இல்லை’ என்ற ஒற்றை வரிதான் நெடுநாள் இருந்தது. நோயின் பெயர் பின்னாளில் தெரிந்தபோது சிகிச்சை பெரிதாக மாறிவிடவில்லை; ஆனால் அவள் மூச்சை அடக்குவதும் பல்லை நறநறவெனக் கடிப்பதும் பிடிவாதமன்று, நோயின் கூறுகள் என்பது எல்லோருக்கும் விளங்கியது.

அக்காவைப் போன்றவர்களின் நிலையைக் குறிக்கும் ‘ஆழ்நிலை அறிவுசார் குறைபாடு’ என்பதை, அதாவது அக்குறைபாட்டின் மிகக் கடுமையான படியை, முன்பெல்லாம் நுண்ணறிவு ஈவு (ஐ.க்யூ.) 20-க்குக் கீழ் என்று வரையறுத்தார்கள். கேள்வியைக் கேட்டு விடை சொல்லவோ விடையைச் சுட்டிக்காட்டவோ முடியாத ஒருவரிடம் அந்த எண்ணை எப்படி அளந்தார்கள் என்று நான் பலமுறை வியந்ததுண்டு. 2022-ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் பதினோராவது நோய் வகைப்பாடு, அந்தக் கீழ் எல்லையில் தேர்வுகளால் வேறுபாடு காண இயலாது என்பதை ஏற்று, அன்றாடச் செயல்களில் ஒருவருக்கு எவ்வளவு துணை தேவை என்பதைக் கொண்டே கடுமையான நிலையையும் ஆழ்நிலையையும் பிரிக்கிறது. அக்கா எவ்வளவு புரிந்துகொள்கிறாள் என்று எனக்கு உறுதியாகத் தெரியாது. ஆனால் கண்களால் அவள் தேர்ந்தெடுக்கிறாள். இரண்டு சட்டைகளை அவள் முன் உயர்த்திப் பிடித்துப் பொறுமையாகக் காத்திருந்தால் பார்வை ஒன்றின் மீது சென்று நிற்கும். இடம் மாற்றிப் பிடித்தாலும் அதே சட்டைக்குத்தான் திரும்பும். சில வேளைகளில் அதற்கு ஒரு நிமிடத்துக்கும் மேலாகும். காத்திருக்கத் தெரியாதவர்களுக்கு அவள் எதையும் தேர்ந்தெடுக்காதவள்.

அந்தக் காத்திருப்பின் அருமை உணவு வேளையில் இன்னும் தெளிவாகத் தெரியும். அவளை நிமிர்த்தி உட்காரவைத்து, தலை பின்னால் சாயாதபடி தாங்கி, மசித்த உணவைச் சிறு கரண்டியில் எடுத்து, ஒவ்வொரு வாயும் விழுங்கப்பட்டதைத் தொண்டையின் அசைவில் பார்த்து உறுதிசெய்துகொண்டே அடுத்த வாய் ஊட்ட வேண்டும்; ஒரு வேளை உணவுக்கு முக்கால் மணி நேரம்கூட ஆகும். அவசரப்பட்டால் உணவு மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். இத்தகையவர்கள் உயிரிழப்பதற்கு முக்கியக் காரணங்களில் ஒன்றான நிமோனியா பலமுறை அங்கிருந்துதான் தொடங்குகிறது. 4,000 பேருக்கெனக் கட்டப்பட்டு ஒரு கட்டத்தில் 6,000 பேருக்கும் மேல் அடைக்கப்பட்டிருந்த நியூயார்க்கின் வில்லோபுரூக் காப்பகத்தின் அவலம் 1972-ல் தொலைக்காட்சியில் வெளியானபோது, அங்கு ஒரு பிள்ளைக்கு உணவூட்டக் கிடைக்கும் நேரம் இரண்டு அல்லது மூன்று நிமிடங்கள்தான் என்று மருத்துவர் ஒருவர் சொன்னார். அழுக்கும் துர்நாற்றமும் நிறைந்த அந்தக் காட்சிகளைவிட அந்த நிமிடக் கணக்குதான் என்னை உலுக்கியது. வில்லோபுரூக் 1987-ல் மூடப்பட்டது. ஆள் பற்றாக்குறை மூடப்படவில்லை.

வலியைக் கண்டறிவதிலும் இதே கதைதான். சில ஆண்டுகளுக்கு முன் அக்கா இரவுகளில் அலறத் தொடங்கினாள். அழைத்துச் சென்ற மருத்துவமனையில், ரெட் உள்ளவர்கள் காரணமின்றி அலறுவது வழக்கம் என்று சொல்லித் தூக்க மருந்தை எழுதிக் கொடுத்தார்கள். வழக்கம் என்பது உண்மைதான், அதனால்தான் அது ஆபத்தான விடை. எந்தப் புதிய அறிகுறி தோன்றினாலும் அதைப் பழைய குறைபாட்டின் கணக்கிலேயே எழுதிவிடும் போக்கு மருத்துவ இலக்கியத்திலேயே பேசப்படுகிறது. எத்தனையோ குடற்சிக்கல்களும் எலும்பு முறிவுகளும் அப்படித் தவறவிடப்படுகின்றன. அக்காவைக் குளிப்பாட்டும் பராமரிப்பாளர் மட்டும் அதை ஏற்கவில்லை. கோபமாகவோ பயமாகவோ இருக்கும்போது அவள் வேகவேகமாக மூச்சுவிடுவாள், உடம்பில் வலி இருந்தால்தான் இடது காலை மேலே இழுத்துக்கொள்வாள், இப்போது காலை இழுக்கிறாள் என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். தேடிப் பார்த்ததில், பல்லைக் கடித்துக் கடித்து விரிசல் விட்ட ஒரு கடைவாய்ப் பல்லின் அடியில் சீழ் கட்டியிருந்தது. அந்த இடது காலைப் பற்றி எந்த மருத்துவக் குறிப்பிலும் ஒரு வரிகூட இல்லை.

அவள் ஒரு பெண், அதுவும் நடுவயதுப் பெண் என்பதை இல்லங்கள் எளிதில் மறந்துவிடுகின்றன. நரைக்கத் தொடங்கிய தலைக்கு இரட்டைப் பின்னல் போட்டு, பொம்மைகள் அச்சிட்ட சட்டையை மாட்டி, கார்ட்டூன் ஓடும் தொலைக்காட்சி முன் உட்காரவைப்பது அன்பினால்தான் என்றாலும் எனக்கு அது பிடிப்பதில்லை. அவளுக்கு மாதவிலக்கு வந்தது. அந்நாட்களையொட்டி வலிப்பு கூடியது. தேதி குறித்து வைத்தவர்களால்தான் அத்தொடர்பு தெரிந்தது. கருப்பையை எடுத்துவிட்டால் எல்லோருக்கும் வசதி என்று எங்கள் பெற்றோரிடம் ஆலோசனை சொன்னவர்களும் உண்டு. அந்த ‘எல்லோருக்கும்’ என்பதில் அக்கா அடங்கவில்லை என்று அம்மா மறுத்துவிட்டார். பிற மனிதர்களுக்குச் சமமாகக் கருவுறும் தன்மையைத் தக்கவைத்துக்கொள்ளும் உரிமையை ஐக்கிய நாடுகள் சபையின் 2006-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 23-ஆம் உறுப்பு சொல்கிறது என்பதை நான் மிகப் பின்னால்தான் படித்தேன். முதுகெலும்பு வளைந்து சக்கர நாற்காலியில் இருப்பவளை மார்பகப் புற்றுநோயைத் தேடும் ஊடுகதிர்க் கருவியில் சரியாகப் பொருத்துவது கடினம். ஆகவே குளிப்பாட்டும் கைகளே முதல் பரிசோதனையாக அமைகின்றன.

அந்தக் கைகள் நம்பத் தகுந்தவையா என்பதும் கேட்டாக வேண்டிய கேள்வி. 2018 டிசம்பரில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், நீண்டகாலப் பராமரிப்பு நிலையம் ஒன்றில் இருந்த, பேச இயலாத பெண் ஒரு குழந்தையைப் பெற்றெடுத்தார். அங்கே பணிபுரிந்த ஆண் செவிலியர் ஒருவர் பின்னர் தண்டிக்கப்பட்டார். பிரசவ வேளை வரை அந்தப் பெண் கருவுற்றிருந்தது தங்களுக்குத் தெரியாது என்று ஊழியர்கள் சொன்னார்கள். குற்றம் ஒருவருடையது. ஆனால் அத்தனை மாதங்கள் அந்த உடலைத் துடைத்து, திருப்பிப் படுக்கவைத்து, உடை மாற்றிய எவருக்கும் தெரியவில்லை என்றால், அந்தப் பெண்ணை அறிந்தவர் ஒருவர்கூட அங்கே இல்லை என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன்.

அதே உடன்படிக்கையின் 19-ஆம் உறுப்பு, எங்கே, யாருடன் வாழ்வது என்பதைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு மாற்றுத்திறனாளிகளுக்குப் பிறரைப் போலவே இருக்க வேண்டும் என்கிறது. 2017-ல் அதற்கு எழுதப்பட்ட விளக்கவுரை, ஓரிடம் காப்பகமாக ஆவது கட்டடத்தின் அளவால் மட்டும் அன்று, யாருடைய உதவியை ஏற்பது என்பதில் அங்கு வாழ்பவருக்கு எந்தப் பிடியும் இல்லாமல் போவதாலும்தான் என்று சுட்டுகிறது. எல்லா இல்லங்களையும் மூடிவிட வேண்டும் என்பவர்களோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. இரவில் பலமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டியிருக்கும் ஒருத்தியை வயதான பெற்றோர் தனியே சுமந்த ஆண்டுகளை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த விளக்கவுரையின் அளவுகோல் சரியானது. யாருடைய கை தன்மேல் படலாம் என்பதில் அக்காவுக்குத் தெளிவான விருப்பங்கள் இருக்கின்றன. சிலர் வந்தால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறாள். பணிப் பட்டியல் தயாரிப்பவர் அதைப் பார்ப்பதில்லை.

பல்வலியைக் கண்டுபிடித்த அந்தப் பராமரிப்பாளர் இப்போது வேலையை விட்டு விலகுகிறார். கிடைக்கும் சம்பளத்துக்கு இவ்வளவு காலம் இருந்ததே பெரிது என்பதால் அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. அவரும் நானும் சேர்ந்து, இடது கால், மூச்சின் வேகம், சட்டைக்கான காத்திருப்பு, எந்தப் பக்கம் சாய்ந்தால் விழுங்க எளிது, வலிப்புக்கு முந்தைய பார்வை எப்படி இருக்கும் என்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி, இயன்றவற்றுக்குப் படமும் எடுத்துச் சேர்த்திருக்கிறோம். அதை அலமாரியில் பூட்டி வைக்காமல் சக்கர நாற்காலியிலேயே தொங்கவிட நிர்வாகம் ஒப்புக்கொண்டிருக்கிறது. புதிதாக வருபவர் பழையவருடன் சேர்ந்து ஒரு மாதமாவது பணியாற்ற வேண்டும் என்பது என் கோரிக்கை. இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் சம்பளம் கொடுக்க வழியில்லை, ஒரு வாரம் வேண்டுமானால் பார்க்கலாம் என்கிறார்கள். மற்ற குடும்பங்களின் கையெழுத்தையும் சேர்த்து எழுத்துமூலம் கேட்டிருக்கிறேன்; பதில் இன்னும் வரவில்லை.