இல்லாத காலும் இடது காதும்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட பிறகு எங்கள் மருத்துவமனைக்கு வரும் பூனைகளில் ஒன்றிரண்டாவது கார் என்ஜினுக்குள் ஒதுங்கி அடிபட்டவையாக இருக்கும். நனைந்து நடுங்கும் பூனைக்கு, சற்று முன் ஓடி நின்ற காரின் பானெட்டுக்கு அடியில் கிடைக்கும் கதகதப்பு தெருவில் வேறெங்கும் கிடைப்பதில்லை. விடிந்ததும் வண்டிக்காரர் சாவியைத் திருகுகிறார், பெல்ட் சுழல்கிறது. வேளச்சேரியிலிருந்து ஒரு தாயும் கல்லூரியில் படிக்கும் மகளும் துண்டில் சுற்றிக் கொண்டுவந்த பூந்திக்கு நேர்ந்ததும் அதுதான். மஞ்சள் நிறக் கடுவன், நான்கு கிலோ எடை. இடது பின்னங்காலில் முழங்காலுக்குக் கீழே தோல் முழுவதும் உரிந்து, எலும்பு நொறுங்கி, பாதம் சில்லிட்டுப் போயிருந்தது. விரல்களை இடுக்கியால் அழுத்தியபோது அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ரத்த ஓட்டமும் உணர்வும் போய்விட்ட அந்தக் காலைத் தொடையின் நடுப்பகுதியோடு எடுத்துவிடுவதைத் தவிர வேறு வழியில்லை என்று அன்று மாலையே சொல்ல வேண்டியதாயிற்று.

"இது வழி முழுக்கக் கத்தவே இல்லை டாக்டர். அப்படியென்றால் வலி அவ்வளவாக இருக்காதுதானே?" என்று அந்த அம்மா கேட்டார். எக்ஸ்ரே எடுப்பதற்கு முன்பே வலிக்கான முதல் ஊசியைப் போட்டுக்கொண்டிருந்த நான், கையை நிறுத்தாமல், "கத்தாததால்தான் அம்மா இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது" என்று மட்டும் சொன்னேன். முழுப் பதிலைச் சொல்ல அப்போது நேரமில்லை. அந்த முழுப் பதிலை நான் கற்றுக்கொண்ட இரவு வேறொன்று.

வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் படித்து முடித்து முதன்முதலாக வேலைக்குச் சேர்ந்த இடத்தில், காலில் பெரிய அறுவை சிகிச்சை முடிந்த ஒரு பெண் பூனையின் இரவுப் பொறுப்பு என்னிடம் இருந்தது. மாலையில் பியூட்டார்ஃபனால் ஊசி ஒன்று போடப்பட்டிருந்தது. பூனைகளில் அந்த மருந்தின் வலி தணிக்கும் வேலை ஓரிரு மணி நேரத்துக்குமேல் நீடிப்பதில்லை என்பதைப் புத்தகத்தில் படித்திருந்தும், கூண்டின் பின்சுவரைப் பார்த்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்த அந்தப் பூனையைப் பார்த்துவிட்டு, நான் இரவு பத்து மணிக்கும் ஒரு மணிக்கும் நான்கு மணிக்கும் அதன் அட்டையில் "அமைதியாக உள்ளது" என்று எழுதினேன். காலையில் வந்த மூத்த மருத்துவர் கூண்டைத் திறந்து, குனிந்து, அதன் முகத்தை ஒரு நிமிடம் பார்த்தார். தலை தோளுக்குக் கீழே தொங்கியிருந்தது. கண்கள் பாதி மூடியிருந்தன. வைத்த உணவு வைத்தபடி காய்ந்திருந்தது. அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. தகுந்த மருந்தைத் தகுந்த அளவில் போட்டுவிட்டு, என்னை அங்கேயே ஸ்டூலில் உட்காரச் சொன்னார். முக்கால் மணி நேரத்துக்குள் அந்தப் பூனை உடம்பைத் தளர்த்திப் பக்கவாட்டில் சாய்ந்து படுத்து, பிறகு எழுந்து வந்து கிண்ணத்தை நக்கத் தொடங்கியது. இரவு முழுவதும் அமைதி என்று நான் எழுதி வைத்தது என்னவென்று அப்போது புரிந்தது. அந்த அட்டையில் இருந்த என் கையெழுத்தை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

வேட்டையாடும் உயிர் என்பதோடு, தன்னைவிடப் பெரியவற்றால் வேட்டையாடப்படும் உயிராகவும் பூனை இருப்பதால், பலவீனத்தை வெளியே காட்டாமல் இருப்பது அதன் இயல்பாகிவிட்டது. நாய் முனகும், நொண்டும், நம் முகத்தைப் பார்த்துக் கெஞ்சும். பூனை பின்னால் நகர்ந்து சிறியதாகிவிடும். குர்ர் என்று தொண்டையிலிருந்து எழும் ஒலியைக்கூட நம்பிவிட முடியாது. கடும் வலியிலும் பயத்திலும் பூனைகள் அந்த ஒலியை எழுப்புவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஆகவே முகத்தைத்தான் படிக்க வேண்டும். கனடாவின் மான்ட்ரியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட முக அளவுகோல் இதற்குப் பெரிய உதவியாக இருக்கிறது. காதுகளின் நிலை, கண்களின் இறுக்கம், மூக்கையும் வாயையும் சுற்றிய பகுதியின் இறுக்கம், மீசை முடிகளின் நிலை, தோளோடு ஒப்பிட்டால் தலையின் உயரம் என்று ஐந்தைப் பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண் இட வேண்டும். மொத்தம் 10-க்கு 4 அல்லது அதற்கு மேல் வந்தால் மருந்து தேவைப்படுகிறது. பூனையைத் தொடாமலேயே, கூண்டுக்கு வெளியே நின்று அரை நிமிடத்தில் பார்த்துவிடலாம் என்பதால், எங்கள் மருத்துவமனையில் கூண்டைச் சுத்தம் செய்யும் உதவியாளர்களுக்கும் இதைப் பழக்கியிருக்கிறோம். என்னைவிடத் துல்லியமாக மதிப்பெண் போடும் ஒருவர் அவர்களில் இருக்கிறார். இரவில் அவர் கூப்பிட்டால் நான் மறுபேச்சில்லாமல் எழுந்துவிடுவேன்.

பூந்தியின் அறுவை சிகிச்சையில் நான் மிகவும் முக்கியமாகக் கருதியது கத்தி தொடாத ஐந்து நிமிடங்களை. தொடைத் தசைகளை விலக்கியதும், வெண்ணிற நூற்கயிறு போல இடுப்பு நரம்பு தெரியும். அதை வெட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் வெட்டுவதற்கு முன் அந்த நரம்பைச் சுற்றிப் பூபிவகெய்ன் என்னும் மரத்துப்போகச் செய்யும் மருந்தை மெல்லிய ஊசியால் செலுத்திவிட்டுக் காத்திருப்பேன். பூனை மயக்கத்தில்தானே இருக்கிறது, எதற்கு இது என்று பயிற்சிக்கு வரும் மாணவர்கள் கேட்பதுண்டு. மயக்கத்தில் இருக்கும் மூளைக்குத்தான் வலி தெரியாது. மரக்காத நரம்பை வெட்டினால் அதிலிருந்து பாயும் சமிக்ஞைகள் தண்டுவடத்தைத் தாக்கி, அதை நாள்கணக்கில் முறுக்கிவிட்டு வைத்துவிடும். பிறகு சாதாரணத் தொடுதலும் வலியாகவே போய்ச் சேரும். அந்த மருந்தின் மொத்த அளவு பூனையின் எடையில் கிலோவுக்கு 2 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பதால், சிரிஞ்சில் ஏற்றும்போதே இருவர் கணக்குப் பார்க்கிறோம். கடிகாரத்தைப் பார்த்தபடி கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் அந்த ஐந்து நிமிடங்களைச் சேமிக்க நினைக்கும் அவசரத்தை என்னால் ஏற்க முடிவதில்லை.

முதல் மூன்று நாட்கள் பூந்தி எங்களிடமே இருந்தது. பியூப்ரனார்ஃபின் என்னும் வலி தணிக்கும் மருந்தை அந்த நாட்களில் நம்பினோம். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட மருந்து என்பதால், அதைப் பூட்டிய அலமாரியில் வைத்து, எடுக்கும் ஒவ்வொரு துளியையும் பதிவேட்டில் எழுதுகிறோம். பூனையின் வாய் காரத்தன்மை கொண்டது என்பதால் இந்த மருந்து கன்னத்தின் உட்புறச் சவ்வு வழியாகவே ரத்தத்தில் சேர்ந்துவிடும். விழுங்கிவிட்டால் பலன் பெரிதும் குறைந்துவிடும். உதட்டின் ஓரத்தை ஒரு விரலால் லேசாக இழுத்து, பல்லுக்கும் கன்னத்துக்கும் நடுவே ஊசியில்லாத சிரிஞ்சின் முனையை வைத்து, கால் மில்லிக்குச் சற்று மேற்பட்ட மருந்தை மெதுவாக விடுவோம். பூந்தி ஒரு முறை நாக்கைச் சுழற்றிவிட்டு, கண்மணிகள் அகல விரிய, முன்னங்கால்களால் துண்டைப் பிசையத் தொடங்கும். ஊசி குத்தவில்லை, கட்டிப் பிடிக்கவில்லை, போராட்டமில்லை. வலியைக் குறைக்கப் போய்ப் பயத்தைக் கூட்டிவிடாமல் இருப்பதும் இந்த வேலையின் ஒரு பகுதிதான். சில இடங்களில் இதற்குப் பதிலாக டிராமடால் மாத்திரையைப் பொடித்துக் கொடுக்கிறார்கள். அதன் கசப்பில் பூனை வாயில் நுரை தள்ளித் தலையை உதறும்போது, பாதி மருந்து தரையில்தான் விழுகிறது.

மருந்தை வலி தெரிந்த பிறகு கொடுப்பதில்லை, நேரத்துக்குக் கொடுக்கிறோம். வலி ஏறிவிட்ட பிறகு அதை இறக்குவதற்குக் கூடுதல் மருந்து தேவைப்படும். ஏறாமல் காப்பதற்குக் குறைவே போதும். இரண்டாம் நாள் காலை பூந்தியின் மதிப்பெண் 2 என்று வந்தபோதும் அடுத்த வேளை மருந்தை நிறுத்தவில்லை. தையல் போட்ட இடத்திலிருந்து இரண்டு விரற்கடை தள்ளித் தொட்டுப் பார்ப்பேன், பிறகு ஒரு விரற்கடை, பிறகு தையலின் ஓரம். தோல் சிலிர்க்கிறதா, தலை திரும்புகிறதா, உண்கிற வாய் நிற்கிறதா என்பதைக் கவனிப்பேன். முதல் இரண்டு நாட்களும் துணியில் சுற்றிய ஐஸ் பையைப் பத்து நிமிடம் வைத்து எடுத்ததில் வீக்கம் நன்றாகவே அடங்கியது. அன்று இரவு அது அவித்த கோழியைத் தானாகத் தின்றது. பூனை இரண்டு மூன்று நாட்கள் பட்டினி கிடந்தாலே கல்லீரலில் கொழுப்பு படியும் ஆபத்து இருப்பதால், அந்த இரண்டு துண்டுக் கோழியைப் பார்த்து நாங்கள் அத்தனை பேரும் மகிழ்ந்தோம்.

நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது, சிறுநீரகம் சரியாக இருப்பதை ரத்தப் பரிசோதனையில் உறுதிசெய்துகொண்டு, வலியையும் வீக்கத்தையும் குறைக்கும் மெலாக்சிகாம் திரவத்தைச் சில நாட்களுக்கு மட்டும் கொடுத்தேன். பூனைக்கான திரவம் மில்லிக்கு 0.5 மில்லிகிராம், நாய்க்கான திரவம் 1.5 மில்லிகிராம். கடையில் மாற்றிக் கொடுத்தால் மூன்று மடங்கு போய்விடும். பூனையின் சிறுநீரகம் அதைத் தாங்காது. அதனால் புட்டியை நானே கையில் கொடுத்து, அதன்மேல் எழுதியிருப்பதை மகளை வாய்விட்டு வாசிக்கச் சொன்னேன். நரம்பு வலிக்காக காபாபென்டினையும் குறைந்த அளவில் தொடங்கினேன். சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தது ஒன்றே ஒன்று: பாராசிட்டமால் கூடாது.

ஆறாம் நாள் இரவு பத்தரை மணிக்கு அந்த அம்மா தொலைபேசியில் அழைத்தார். பூனையின் உடம்பு சுடுகிறதாம். குழந்தைக்குக் கொடுப்பது போல அரை மாத்திரை கொடுக்கலாம் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்களாம். ஆனாலும் அந்தச் சிவப்பு எழுத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கிறாராம். அவர் கேட்டதற்கு நான் இன்றுவரை நன்றியோடிருக்கிறேன். நம் கல்லீரல் பாராசிட்டமாலைப் பக்குவப்படுத்தி வெளியேற்றப் பயன்படுத்தும் வழி பூனையிடம் மிகவும் பலவீனமானது. மருந்து நச்சாக மாறி ரத்தத்தின் சிவப்பணுக்களைத் தாக்க, அவை ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை இழக்கின்றன. ஈறுகள் பழுப்பாகின்றன, முகமும் பாதங்களும் வீங்குகின்றன, மூச்சு திணறுகிறது. நாம் தலைவலிக்குப் போட்டுக்கொள்ளும் ஒரே ஒரு 500 மில்லிகிராம் மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடும். அன்பினால் கொடுக்கப்பட்ட அரை மாத்திரையால் இறந்த பூனைகளை என் மேசையில் பார்த்திருக்கிறேன். அவற்றை வளர்த்தவர்களுக்கு என்ன ஆறுதல் சொல்வதென்று எனக்கு இன்னும் தெரியவில்லை. பூந்திக்குக் காய்ச்சல் எதுவும் இல்லை. பூனையின் இயல்பான உடல் வெப்பமே நம்முடையதைவிட அதிகம், கைக்குச் சூடாகத்தான் தெரியும்.

உண்மையான சோதனை ஒன்பதாம் நாள் வந்தது. தையல் சுத்தமாக இருந்தது, வீக்கம் வடிந்திருந்தது, மெலாக்சிகாமும் முடிந்திருந்தது. ஆனால் தூங்கிக்கொண்டிருக்கும் பூந்தி திடுக்கிட்டு எழுந்து, இல்லாத காலின் பக்கம் திரும்பிச் சீறிவிட்டு, கட்டிலுக்கடியில் ஓடி ஒளிந்துகொள்கிறது என்று மகள் கவலையோடு சொன்னாள். கூடவே இரண்டு காணொளிகளை அனுப்பியிருந்தாள். முதலாவதில் அவள் சொன்னதெல்லாம் அப்படியே இருந்தது: தட்டையாக மடிந்த காதுகள், இறுகிய முகம், அலைபாயும் முதுகுத் தோல். இரண்டாவதில், உட்கார்ந்திருந்த பூனை தலையை இடப்பக்கம் சாய்க்க, எஞ்சிய தொடைப் பகுதி வேகமாக மேலும் கீழும் துடித்தது. "இரண்டும் ஒன்றுதானா டாக்டர்? இரண்டாவதைப் பார்த்தால்தான் எனக்கு அழுகை வருகிறது" என்று எழுதியிருந்தாள்.

மறுநாள் நேரில் வரவழைத்துப் பார்த்தேன். தையலை விரலால் சற்று அழுத்தியபோது பூந்தி பொறுத்துக்கொண்டது. பஞ்சு நுனியால் மெல்ல வருடியபோது சீறிக் கடிக்க வந்தது. அழுத்தத்தைத் தாங்கும் இடம் வருடலைத் தாங்காவிட்டால் அது காயத்தின் வலியாக இருக்காது, நரம்பின் வலி. அமெரிக்க உள்நாட்டுப் போரில் கை கால் இழந்த வீரர்களுக்குச் சிகிச்சையளித்த மருத்துவர் சைலஸ் வியர் மிட்செல், இல்லாத உறுப்பு இன்னும் இருப்பதாகவும் வலிப்பதாகவும் அவர்கள் உணர்ந்ததற்கு 1871-இல் மாய உறுப்பு என்று பெயரிட்டு எழுதினார். அந்த வீரர்கள் தங்கள் வாயால் சொன்னதை அவரால் எழுத முடிந்தது. பூந்திக்கு வலித்தது வெட்டுப்பட்ட நரம்பின் முனையிலா, இல்லாமற்போன பாதத்திலா என்று அதனால் சொல்ல முடியாது; எதுவானாலும் வைத்தியம் ஒன்றுதான் என்பது ஆறுதல். காபாபென்டினைக் கிலோவுக்கு 5 மில்லிகிராமிலிருந்து 10-க்கு உயர்த்தி, எட்டு மணி நேரத்துக்கு ஒரு முறையாக்கினேன். அதில் பூனை தள்ளாடும். மூன்று கால் பூனை மொசைக் தரையில் தள்ளாடினால் வழுக்கி விழுந்து தையலையே பிரித்துக்கொள்ளும் என்பதால், ஒரு அறை முழுவதும் கோணியையும் பழைய பாயையும் விரிக்கச் சொன்னேன். மணல் தட்டின் ஒரு பக்கத்தை அறுத்துத் தாழ்த்தி, மணலுக்குப் பதில் கிழித்த செய்தித்தாளை அவர்கள் நிரப்பினார்கள். நான்கு நாட்களில் திடுக்கிடல் குறைந்தது. பதினான்காம் நாள் தையலைப் பிரித்தேன். மருந்தைச் சட்டென்று நிறுத்தினால் வலி திரும்பும் என்பதால், வாரத்துக்கு ஒரு படியாகக் குறைத்து ஆறாம் வாரத்தில்தான் நிறுத்தினோம்.

இரண்டாவது காணொளிக்கான பதிலை மகளுக்கு நேரிலேயே சொன்னேன். அதைத் திரும்பப் போட்டு, சத்தத்தை அணைத்து, முகத்தை மட்டும் பார்க்கச் சொன்னேன். காதுகள் நிமிர்ந்திருந்தன, மீசை தளர்ந்திருந்தது, கண்கள் சுகமாகச் சொருகியிருந்தன. இடது காது அரித்திருக்கிறது. அதைச் சொறிய இடது பின்னங்கால் எழுந்திருக்கிறது. தொடை தன் வேலையைச் செய்கிறது, பாதம் மட்டும் போய்ச் சேரவில்லை. அதில் வலி இல்லை. அவள் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மேசைமேல் உட்கார்ந்திருந்த பூந்தியின் இடது காதுக்குப் பின்னால் விரல்களை வைத்துச் சொறிந்தாள். எஞ்சிய தொடை உடனே அவள் விரல்களின் வேகத்துக்கு ஏற்பத் துடிக்கத் தொடங்கியது; அவள் நிறுத்தியதும் நின்றது; மறுபடி சொறிந்ததும் மறுபடி துடித்தது.