ஹெரால்டு பின் ஆக்ஸில்: வெட்டி எறியாதீர்கள், பிரித்துக் கட்டுங்கள்

ஸ்டாண்டர்டு ஹெரால்டு வைத்திருக்கிற எவரும் இந்த வசனத்தைக் கேட்காமல் தப்பியிருக்க முடியாது: "சார், பின்னாடி இருக்கிறதைத் தூக்கிப் போட்டுட்டு வேற வண்டி ஆக்ஸில் ஹவுசிங்கைப் போட்டுடலாம், தொல்லை விட்டுது." என்னிடம் சொன்னவர் நல்ல மெக்கானிக். அம்பாசடர், ஃபியட் இரண்டையும் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பவர். ஆனாலும் நான் கேட்கவில்லை. பழைய ஆக்ஸிலையே பிரித்து, தேய்ந்ததை மாற்றிக் கட்டியிருக்கிறேன். இதைப் படித்து இந்த ஊரில் இன்னும் ஒரு ஹெரால்டாவது கேஸ் வெல்டிங்குக்குப் பலியாகாமல் இருந்தால் எனக்குச் சந்தோஷம்.

இது நம்ம ஊர் கார் என்பது இளசுகள் பல பேருக்குத் தெரிவதில்லை. இங்கிலாந்தில் 1959-ல் டிரையம்ஃப் ஹெரால்டாக வந்தது, இத்தாலிக்காரர் மிக்கெலாட்டி வரைந்த உடல். இங்கே 1961-லிருந்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில், 948 சிசி எஞ்சினோடு, மெட்ராஸின் ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் செய்தது. பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டி இருந்த அந்த ஃபேக்டரி இருந்த இடத்தில் இப்போது ஐ.டி. கட்டடங்கள் நிற்கின்றன.

சரி, ஆக்ஸிலுக்கு வருவோம். ஃபியட்டிலும் அம்பாசடரிலும் பின்னால் ஒரே இரும்புக் குழாய் (இதுதான் ஹவுசிங்), நடுவில் எஞ்சின் சுழற்சியைச் சக்கரங்களுக்குத் திருப்பிவிடும் கிரவுன் பினியன் பற்சக்கரங்கள், இரண்டு பக்கமும் நீளவாக்கில் பட்டை ஸ்பிரிங். ஒரு சக்கரம் பள்ளத்தில் இறங்கினால் மற்றதும் சேர்ந்து சாயும். ஹெரால்டில் அப்படி இல்லை. டிஃப்ரன்ஷியல், அதாவது அந்தப் பற்சக்கரப் பெட்டி, சேஸிஸிலேயே (வண்டியின் அடிச்சட்டத்திலேயே) போல்ட் போட்டு நிற்கிறது, அசையாது. அதிலிருந்து இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஷாஃப்ட், உள்முனையில் மட்டும் ஒரு யூ ஜாயின்ட் கிராஸ் (சுழன்றுகொண்டே மடங்க விடும் சிலுவை வடிவ மூட்டு). பறவை இறக்கையை அசைப்பதுபோல ஷாஃப்டும் சக்கரமும் சேர்ந்து மேலும் கீழும் போகும். டிஃப்ரன்ஷியல் தலைமேல் குறுக்காக ஒரே ஒரு பட்டை ஸ்பிரிங் உட்கார்ந்து இரண்டு பக்கச் சக்கரங்களையும் தாங்குகிறது.

இந்த அமைப்பில் நிஜமாகவே ஒரு குறை உண்டு, அதை மறைத்துப் பேச எனக்கு விருப்பமில்லை. வளைவில் வேகமாகத் திரும்பும்போது திடீரென்று ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் பின்பக்கம் எழும்பும், வெளிப்பக்கச் சக்கரத்தின் அடிப்பாகம் வண்டிக்குள் மடங்கும், வால் வெளியே ஓடும். இங்கிலாந்தில் இதே அமைப்புள்ள டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காருக்குப் பின்னாளில் ஸ்பிரிங்கின் மேல் பட்டைகள் சுழல்கிற மாதிரி மாற்றிச் சரிசெய்தார்கள். நம்ம ஊர் கம்பெனி வேறு வழியில் போனது: எழுபதுகளின் தொடக்கத்தில் வந்த ஸ்டாண்டர்டு கெஸல் காருக்குச் சாதாரண ஹவுசிங் ஆக்ஸிலே வைத்துவிட்டது, இங்கே மெக்கானிக்குகளுக்கு ஹெரால்டு ஆக்ஸில் பிடிக்கவில்லை என்பது அதற்கு ஒரு காரணம். ஆனால் அது கம்பெனி அளந்து செய்த வேலை. நம் தெருமுனையில் ஹவுசிங்கைப் போட வேண்டுமென்றால் நீளவாக்கு ஸ்பிரிங்குக்கு சேஸிஸில் இடமே கிடையாது, வெல்டு வைத்துப் புதிதாக உண்டாக்க வேண்டும். அசையாத டிஃப்ரன்ஷியலுக்கு ஏற்றபடி அமைத்த தரைத் தகடு, மேலும் கீழும் குதிக்கிற டிஃப்ரன்ஷியலுக்கு இடம் விடாது, ஆகவே அதையும் வெட்டுவார்கள். கியர் பாக்ஸிலிருந்து பின்னால் வரும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் நீளமும் கோணமும் மாறும். இத்தனையும் செய்த பிறகு அது ஹெரால்டே இல்லை.

என் வண்டியில் இருந்த நோய் இவை: கிளட்சை விடும்போது ஒரு "டக்", ஐம்பதைத் தாண்டினால் பின்னாலிருந்து ஒரு முனகல், பின் டயர் இரண்டும் உட்பக்கம் மட்டும் தேய்ந்து வழவழ. ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. "டக்" என்பது பெரும்பாலும் யூ ஜாயின்ட். ஷாஃப்டைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் திருப்பினால் கிராஸில் ஆட்டம் கையிலேயே தெரியும். முனகல் வண்டியை இழுக்கும்போது ஒரு மாதிரியும் காலை எடுத்தால் வேறு மாதிரியும் இருந்தால் பினியன் பக்கம் பாருங்கள். இரண்டிலும் ஒரே சத்தம் என்றால் சக்கர பேரிங். எனக்கு பேரிங். கிரவுன் பினியன் நல்ல நிலையில் இருந்தது, பல்லில் ஒரு தழும்பு இல்லை. அதனால் டிஃப்ரன்ஷியலைக் கிண்டவே இல்லை, பினியன் ஆயில் சீலை மட்டும் மாற்றி 90 நம்பர் கியர் ஆயில் ஊற்றினேன். அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேலேதான் பிடிக்கும். அவ்வளவு குறைவாக இருப்பதால் ஒரு சின்ன ஒழுகல்கூட மொத்தத்தையும் காலி பண்ணிவிடும், இதை அலட்சியப்படுத்தியே பல கிரவுன்கள் போயிருக்கின்றன.

சக்கரம் மாட்டுகிற ஹப்தான் இந்த வேலையின் மலை. ஷாஃப்டின் வெளிமுனை கூம்பாக இருக்கும், அதன்மேல் சாவி (வழுக்காமல் பிடிக்கும் சின்ன இரும்புத் துண்டு) வைத்து ஹப்பை இறுக்கியிருப்பார்கள், ஐம்பது வருஷத்தில் இரண்டும் ஒரே இரும்பாகிவிடும். இழுத்துக் கழற்றப் பயன்படும் சாதாரண இரண்டு கால் புல்லர் வளைந்துவிடும், சுத்தியலால் அடித்தால் ஷாஃப்ட் மரை போய்விடும். இங்கே ஹெரால்டு ஆக்ஸிலுக்குக் கெட்ட பெயர் வந்ததே இந்த ஹப் கழலாததால்தான் என்று நான் நம்புகிறேன். கழற்ற முடியாததால் யாரும் பேரிங் பக்கமே போகவில்லை, கிரீஸும் வைக்கவில்லை. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் கனமான பிளேட்டில் வீல் ஸ்டட் ஓட்டைகள் போட்டு, நடுவில் பெரிய போல்ட் வைத்து ஒரு புல்லர் செய்து வாங்கினேன். பட்டறை அண்ணன் பிளேட்டைத் தட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, இறுக்கிட்டு அப்படியே விட்டுட்டுப் போ, ராத்திரி அதுவே யோசிக்கட்டும்" என்றார். அப்படியே செய்தேன். காலையில் கொஞ்சம் சூடு காட்டி, போல்ட் தலையில் ஒரே ஒரு தட்டு. துப்பாக்கி வெடித்த மாதிரி சத்தம், பக்கத்து வீட்டு மாமி பால்கனிக்கே வந்துவிட்டார், ஹப் கையோடு வந்தது.

உள்ளே நீடில் பேரிங். இதன் ஊசிகள் தனி வளையத்தின் மேல் ஓடுவதில்லை, ஷாஃப்டின் மேலேயே நேராக ஓடுகின்றன. கிரீஸ் காய்ந்து, மழைத் தண்ணீர் புகுந்தால் ஷாஃப்டையே தின்றுவிடும். ஷாஃப்டைத் துடைத்துவிட்டு அந்த இடத்தில் நகத்தை வைத்து இழுத்துப் பாருங்கள். தட்டுப்பட்டால் பேரிங் மட்டும் புதிதாகப் போட்டுப் பயனில்லை. என் வண்டியில் வலதுபக்கம் வழுவழுவென்று இருந்தது, இடதுபக்கம் ஊசி ஊசியாகக் கோடு. இடதுக்கு இன்னொரு ஹெரால்டு வைத்திருக்கும் நண்பர் தன் பரணிலிருந்து ஒரு ஷாஃப்ட் எடுத்துத் தந்தார். பேரிங், சீல், நைலான் புஷ் எல்லாம் இங்கிலாந்திலிருந்து வரவழைத்தேன். ஸ்பிட்ஃபயர் பாகங்கள் என்று தேடினால் இன்றும் கிடைக்கின்றன. யூ ஜாயின்ட் கிராஸை மட்டும் பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள் இருக்கும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்து வாங்கினேன்.

ஷாக் அப்சார்பரைக் கழற்றுமுன் சக்கரப் பக்கம் கட்டாயம் ஜாக்கி கொடுங்கள். இந்தக் காரில் சக்கரம் கீழே தொங்குவதைத் தடுத்து நிறுத்துவதே ஷாக் அப்சார்பர்தான். கழற்றிய நொடியில் எல்லாம் கீழே பாயும், பிரேக் ஹோஸ் பிய்ந்துவிடும்.

அப்புறம் ஸ்பிரிங். பின் சீட்டைத் தூக்கினால் ஒரு தகர மூடி, அதைத் திறந்தால் ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் ஆறு நட்டுகள். டயர் உட்பக்கம் தேய்ந்ததற்குக் காரணம் ஸ்பிரிங் அமுங்கிப்போனதுதான். இங்கே வழக்கமாகச் செய்வது கூடுதலாக ஒரு பட்டை சொருகுவது. குடும்பத்தோடு ஐந்து பேர் போக வேண்டும், அடி தட்டக்கூடாது என்று நினைத்துச் செய்வதுதான், நியாயமும்கூட. ஆனால் இந்த வண்டியில் அது ஆபத்து. வால் உயர உயரச் சக்கரங்களின் அடி உள்ளே வரும், வளைவில் மடங்குகிற அந்தக் குறை அங்கேதான் கூடுகிறது. என் கணிப்பில் "ஹெரால்டு கவிழும்" என்று ஊரில் சொன்ன கதைகளில் பாதிக்கு இந்த எக்ஸ்ட்ரா பட்டைதான் காரணமாக இருக்கும். நான் பட்டை சேர்க்கவில்லை. இருக்கும் பட்டைகளைப் பிரித்து, பழைய வளைவுக்கு மறுபடி செட் போட்டு, நடுவில் ரப்பர் பொத்தான்கள் புதிதாக வைத்துக் கட்டினேன்.

கடைசியாக ரேடியஸ் ஆர்ம் (சக்கரம் முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கும் கம்பி) பிராக்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் ஷிம் என்கிற மெல்லிய தகடுகளைக் கூட்டிக் குறைத்துப் பின் சக்கரங்களை நேராக்க வேண்டும். பின்னால் அலைன்மென்ட் இருக்கிறது என்றே பல கடைகளில் நம்ப மாட்டார்கள், நூல் கட்டி நானே அளந்தேன். டயரில் பின்னால் காற்று முன்னால் இருப்பதைவிட அதிகமாக இருக்க வேண்டும், நாலுக்கும் ஒரே அளவு அடித்துவிடாதீர்கள்.

இப்போது கத்திப்பாரா வளைவில் முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து, ஆக்ஸிலரேட்டரை லேசாகப் பிடித்தபடி திரும்பினால் வண்டி சத்தமில்லாமல் போகிறது. "டக்" போய்விட்டது, முனகல் போய்விட்டது. டயர் தேய்மானத்தை இந்த மழைக்காலம் முடிந்த பிறகு பார்த்துச் சொல்கிறேன்.

புல்லர் என்னிடம்தான் இருக்கிறது. சென்னையில் யாராவது ஹெரால்டு ஹப் கழற்றப்போகிறீர்கள் என்றால் கேளுங்கள், தருகிறேன். புது ஹப் நட்டு மட்டும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், கழற்றிய பழையதை மறுபடி போடக்கூடாது.