சட்டப் பிரிவு நாட்குறிப்பு: மார்ச் 2025

மார்ச் 3, திங்கள்
மூன்று நான்கு பேர் மட்டும் உள்ள சட்டப் பிரிவில் வேலை தேங்குவதற்கு முதல் காரணம், கோரிக்கைகள் பல வழிகளில் வருவதுதான். மெயில், வாட்ஸ்அப், வழியில் நிறுத்திக் கேட்பது என்று வந்தால், எது யார் கையில் இருக்கிறது என்பதே தெரியாது. ஒரே படிவம் போதும்: எதிர்த்தரப்பு யார், தொகை எவ்வளவு, வரைவு நம்முடையதா அவர்களுடையதா, எப்போது வேண்டும், அந்தத் தேதிக்கு என்ன காரணம். கடைசிக் கேள்வியை விடவே கூடாது. காரணம் எழுதச் சொன்னதும் பல 'அவசரங்கள்' அடுத்த வாரத்துக்குத் தாமாகவே நகர்ந்துவிடும்.

மார்ச் 5, புதன்
ரகசியக் காப்பு ஒப்பந்தம் நம் படிவத்திலேயே, ஒரு வரிகூட மாறாமல் போகிறதென்றால் வக்கீல் பார்க்கத் தேவையில்லை. விற்பனைப் பிரிவே அனுப்பலாம். எதிர்த்தரப்பின் படிவம் வந்தால், அவர்களின் ஊழியர்களை நாம் வேலைக்கு எடுக்கத் தடை, கண்டுபிடிப்பு உரிமையை மாற்றிக் கொடுத்தல் போன்றவை உள்ளே ஒளிந்திருக்கின்றனவா என்று முதலில் தேட வேண்டும்.

மார்ச் 10, திங்கள்
ஒப்பந்தப் பேரம் பேசுவதற்கான உள் கையேட்டில் ஒவ்வொரு ஷரத்துக்கும் மூன்று நிலைகள் வேண்டும்: நாம் கேட்பது, இறங்கிவரக்கூடியது, மேலிடத்தைக் கேட்காமல் ஏற்கக்கூடாதது. பொறுப்பு உச்சவரம்பை, அதாவது விற்பவர் அதிகபட்சம் எவ்வளவு நஷ்டஈடு தர வேண்டும் என்ற வரம்பை, எடுத்துக்கொள்வோம். 'முந்தைய 12 மாதங்களில் செலுத்திய கட்டணம்' என்று எழுதியிருந்தால், முதல் பில் கட்டுவதற்குள் சேதம் நேர்ந்தால் வரம்பு பூஜ்யம். நாம் வாங்குபவராக இருந்தால் 'செலுத்திய அல்லது செலுத்த வேண்டிய' என்று மாற்றி, குறைந்தபட்சத் தொகை ஒன்றையும் சேர்க்க வேண்டும். நாம் விற்பவராக இருந்தால் பார்க்க வேண்டிய இடம் வேறு. இழப்பீட்டு ஷரத்து 'இந்த ஒப்பந்தத்தில் வேறு என்ன கூறியிருந்தாலும்' என்று தொடங்கினால், பாடுபட்டு வாங்கிய வரம்பு அங்கே உடைந்துவிடலாம். இரண்டு ஷரத்துகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தே படிக்க வேண்டும்.

மார்ச் 14, வெள்ளி
தானாகப் புதுப்பிக்கப்படும் ஒப்பந்தம் ஜூன் 30-இல் முடிகிறது, அதை நிறுத்த 90 நாள் முன்னறிவிப்பு தேவை என்றால், காலண்டரில் ஏற வேண்டிய தேதி ஏப்ரல் 1. மெயில் செல்லாது, கூரியரில்தான் அனுப்ப வேண்டும் என்று அறிவிப்பு ஷரத்து சொன்னால் இன்னும் சில நாள் முன்னதாக. வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுக்க வேண்டிய துறைக்கு அதற்கு ஒரு மாதம் முன்பே நினைவூட்டல் போக வேண்டும்.

மார்ச் 19, புதன்
வக்கீலுக்கு நகல் போட்டுவிட்டால் மட்டும் மெயிலுக்குச் சட்டப் பாதுகாப்பு, அதாவது அதை எதிர்த்தரப்புக்கோ விசாரணைக்கோ காட்ட வேண்டியதில்லை என்ற உரிமை, வந்துவிடாது. சட்ட ஆலோசனையையும் வியாபார யோசனையையும் ஒரே மெயிலில் கலக்காமல் தனித்தனியாக எழுதுவதே நல்லது. ஐரோப்பாவில் வியாபாரம் இருந்தால் கூடுதல் கவனம் தேவை. ஐரோப்பிய ஆணையத்தின் போட்டிச் சட்ட விசாரணைகளில் நிறுவனத்துக்குள் பணியாற்றும் வக்கீல்களின் கடிதங்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்று 2010-இல் ஆக்சோ நோபல் வழக்கில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தகைய விஷயங்களில் எழுத்து மூலமான ஆலோசனை வெளி வக்கீலிடமிருந்தே வரட்டும்.

மார்ச் 24, திங்கள்
தகராறு வரும் என்று தெரிந்ததுமே ஆவணங்களை அழிக்கக் கூடாது என்று நிறுவனத்துக்குள் உத்தரவு போக வேண்டும். வழக்குப் பதிவாகும் வரை காத்திருக்கக் கூடாது. ஊழியர்களுக்கு மட்டும் அனுப்பினால் போதாது. பழைய மெயில்களைத் தானாக அழிக்கும் அமைப்பை ஐடி பிரிவு நிறுத்தியதா என்று எழுத்தில் உறுதி வாங்க வேண்டும். அதிகம் தவறுவது வேலையை விட்டுப் போகிறவரின் லேப்டாப்பில்தான்: அடுத்தவருக்குக் கொடுப்பதற்காக அதை அழித்துவிடுவார்கள். விலகல் நடைமுறைப் பட்டியலில் 'சட்டப் பிரிவின் ஒப்புதல்' என்று ஒரு வரி சேர்த்தால் இப்படி அழிப்பது நின்றுவிடும்.