களிமண்ணில் சிக்கிய நஞ்சும் மின்சாரமும்

மாசுபட்ட நிலத்தை மீட்பவர்களுக்கு மணலைவிடக் களிமண்ணே பெரிய சோதனை. மணலுக்குள் நீரைச் செலுத்தி மறுபுறம் உறிஞ்சி எடுத்தால் நஞ்சை ஓரளவு கழுவிவிடலாம். களிமண்ணின் துளைகள் மிக நுண்ணியவை என்பதால், எவ்வளவு அழுத்தம் கொடுத்தாலும் நீர் அதனுள் எளிதில் நகராது. அழுத்தத்துக்கு அசையாத அந்த நீர் மின்சாரத்துக்கு அசையும் என்பதுதான் இந்தத் துறையில் என்னை முதலில் ஈர்த்தது.

மண்ணில் இரண்டு மின்வாய்களை நட்டு, சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 1 வோல்ட் என்ற அளவில் நேர்மின்னோட்டம் செலுத்துகிறார்கள். களிமண் துகள்களின் மேற்பரப்பு எதிர்மின்னேற்றம் உடையது. அதையொட்டிய மெல்லிய நீர்ப்படலத்தில் உள்ள நேர்மின் அயனிகள் எதிர்மின்வாயை நோக்கி நகரும்போது துளைகளில் உள்ள நீரையும் இழுத்துச் செல்கின்றன. துளை சிறியதாக இருப்பது இதற்குப் பெரிய தடையில்லை.

அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், படூக்கா யுரேனியம் செறிவூட்டும் ஆலையின் வளாகத்தில் இம்முறை முழு அளவில் பயன்பட்டது. அங்கே டிரைகுளோரோஎத்திலீன் என்ற கரைப்பான் களிமண்ணுக்குள் ஊறியிருந்தது. மின்வாய்களுக்கு இடையே, நச்சைச் சிதைக்கும் இரும்புத்தூள் கலந்த சுவர்களை அடுக்கடுக்காக மண்ணுக்குள் அமைத்தார்கள். அந்த அடுக்குகளால்தான் இம்முறைக்கு, அடுக்கடுக்காகச் செய்யப்படும் இத்தாலிய உணவான ‘லசானியா’வின் பெயரை இட்டார்கள். நீர் ஒவ்வொரு சுவரையும் கடக்கையில் கரைப்பான் இரும்போடு வினைபுரிந்து குளோரினை இழக்கிறது. மண்ணைத் தோண்டி வேறிடம் கொண்டு செல்லாமல், நஞ்சு இருக்கும் இடத்திலேயே அதை அழிக்கும் இந்த ஏற்பாட்டையே நான் மிகவும் மதிக்கிறேன்.

ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களில் கதை வேறு. மின்னோட்டம் நீரைப் பிளப்பதால் நேர்மின்வாயில் அமிலமும் எதிர்மின்வாயில் காரமும் உருவாகின்றன. அமிலம் மண்ணுக்குள் பரவி, துகள்களில் ஒட்டியிருக்கும் உலோகத்தை விடுவிக்கிறது. விடுபட்ட உலோகமோ எதிரே வரும் காரத்தைச் சந்தித்ததும் ஹைட்ராக்சைடாகப் படிந்து, வழியிலேயே நின்றுவிடுகிறது. ஆகவே எதிர்மின்வாய்ப் பகுதியில் அசெட்டிக் அமிலமோ சிட்ரிக் அமிலமோ சேர்த்துக் காரத்தை அடக்க வேண்டியிருக்கிறது. இந்த வேதியியலைக் கவனிக்காமல் மின்சாரத்தை மட்டும் நம்பினால், உலோகம் மண்ணில் இடம் மாறியிருக்குமே தவிர வெளியே வந்திருக்காது.

ராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவுமேட்டை நினைக்காமல் இதை என்னால் எழுத முடியவில்லை. ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம் குரோமேட் என்ற எதிர்மின் அயனியாக இருப்பதால், ஈயத்துக்கு நேர்மாறாக அது நேர்மின்வாயை நோக்கிச் செல்லும். நீரோட்டம் எதிர்த் திசையில் இழுக்கும். ஈயத்தைக் கழற்றும் அமிலம் குரோமேட்டை மண்ணோடு இன்னும் இறுக ஒட்டவும் வைக்கும். நேர்மின்வாயை இரும்பால் அமைத்தால், அது கரையும்போது வெளிவரும் இரும்பு அயனிகள் குரோமேட்டை நச்சுத்தன்மை குறைந்த மூவிணைதிறன் குரோமியமாக மாற்றக்கூடும். ஆனால் ஒவ்வொரு மழைக்கும் மேட்டிலிருந்து குரோமேட் கசிந்து இறங்கும் வரை கீழே உள்ள மண்ணைத் தூய்மைப்படுத்திப் பயனில்லை. முதலில் மேட்டை அகற்ற வேண்டும், அல்லது நீர் புகாதபடி மூட வேண்டும். மின்வாய்களை நடும் வேலை அதற்குப் பிறகுதான்.