தம்பியின் ஹேர்னியா ஒப்பரேஷன்

தம்பிக்கு எச்.ஐ.வி. இருப்பது தெரிந்து சில வருஷம் ஆகிறது. அவனுடைய சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். கொழும்பு டி சேரம் பிளேஸில் இருக்கிற அரசாங்க கிளினிக்கில் இலவசமாக மருந்து எடுக்கிறான். இரத்தத்தில் வைரஸ் இப்போது பரிசோதனையில் தெரியாத அளவுக்குக் குறைந்துவிட்டது. வேலைக்குப் போகிறான், ஞாயிற்றுக்கிழமைகளில் கிரிக்கெட் விளையாடுகிறான். கரைச்சல் வந்தது ஹேர்னியாவால், அதாவது குடலிறக்கத்தால்.

கொழும்பில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவரைக் காட்டினோம். வயிற்றை அமத்திப் பார்த்துவிட்டு, "சின்ன ஒப்பரேஷன்தான், அடுத்த நாளே வீட்டுக்குப் போகலாம்" என்று திகதியும் தந்தார். அட்மிட் பண்ணும்போது என்ன மருந்து பாவிக்கிறீர்கள் என்று கேட்டார்கள். தம்பி ஒளிக்காமல் சொன்னான். மிஸ்ஸி அவனுடைய டிக்கட்டின் (நோயாளியின் விபரம் எழுதுகிற தாளின்) மேல்மூலையில் சிவப்புப் பேனையால் பெரிய வட்டம் ஒன்று போட்டு, அதைக் கட்டில் கால்மாட்டில் கொழுவிவிட்டுப் போனார். சாப்பாடு கொண்டுவந்த பெடியன்கூட அதைப் பார்த்துவிட்டுத் தட்டை வாசலிலேயே வைத்தான். டொக்டர் உள்ளே வரவில்லை. கதவடியில் நின்றபடியே, "இங்கே அதுக்கு வசதி இல்லை, வேறு இடம் பாருங்கோ" என்றார். அப்படியென்றால் எழுதித் தாருங்கோ என்று கேட்டேன். தரவில்லை.

ஊசி குத்திவிடுமோ என்ற பயம் எந்த டொக்டருக்கும் வரும். அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் மருந்தே எடுக்காத ஒருவரின் இரத்தம் பட்ட ஊசி குத்தினாலும் தொற்றுகிற வாய்ப்பு ஏறக்குறைய 0.3 வீதம். குத்திய 72 மணித்தியாலத்துக்குள் தடுப்பு மருந்து தொடங்கி 28 நாள் எடுக்கலாம். இது படித்த டொக்டருக்குத் தெரியாததா? இலங்கையில் முதல் நோயாளி அடையாளம் காணப்பட்டது 1987இல். தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி. தொற்றுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் நமக்குச் சான்றிதழ் தந்தது. அந்தத் தாய்மாருக்குப் பிரசவம் பார்த்தவர்களும் இந்த நாட்டு டொக்டர்மாரும் மிஸ்ஸிமாரும்தானே!

மறுநாள் கிளினிக்கில் தம்பியின் டொக்டரிடம் போய் அழாத குறையாகச் சொன்னோம். அவர் அங்கேயே இருந்து அரசாங்க ஆஸ்பத்திரி சேர்ஜன் ஒருவருக்குப் போன் பண்ணினார். இரத்தத்தில் வைரஸ் எவ்வளவு என்று காட்டுகிற கடைசி வைரல் லோட் ரிப்போர்ட்டையும் சேர்த்துக் கடிதம் தந்தார். அந்த சேர்ஜன் கடிதத்தை வாசித்துவிட்டு முதலில் கேட்டது, "தம்பி, இன்றைக்கு மருந்து போட்டாச்சா?" பிறகு கையுறை இல்லாமலே வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். என் முகத்தைக் கவனித்திருக்க வேண்டும். "இரத்தம் படுகிற இடத்தில் எல்லோருக்கும் கையுறைதான் அம்மா. என்னிடம் வருகிறவர்களில் யாருக்கு என்ன இருக்கிறதென்று அவர்களுக்கே தெரியாது. அதனால் தியேட்டரில் எல்லோருக்கும் ஒரே கவனம்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஒப்பரேஷன் நல்லபடி முடிந்தது. டிக்கட்டில் எந்த அடையாளமும் இல்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி யாரையாவது திருப்பி அனுப்பினால், ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலையாதீர்கள். நேரே உங்கள் கிளினிக் டொக்டரிடம் சொல்லுங்கள். கடிதமும் ரிப்போர்ட்டும் கையில் இருக்கட்டும். ஒப்பரேஷனுக்காக வார்டில் இருக்கும்போது எச்.ஐ.வி. குளிசையை யாராவது நிறுத்தச் சொன்னால், கிளினிக்கைக் கேட்காமல் நிறுத்தவேண்டாம்.